எலிக்கு ஆபரேஷனா?

எலி என்றதும் நம் வீடுகளில் ஞாபகத்துக்கு வருவது பொறியும் மசால்வடையும்தான். அரிசி மூட்டையைக் கடித்தது, பட்டுப்புடவையின் ஓரத்தைக் கத்தரித்தது, ஃபிரிட்ஜ் வயரைத் தின்றது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்போம். அப்படியிருக்க, ஓர் எலிக்குக் கட்டி வந்து, அதை ஆபரேஷன் செய்து எடுப்பதா வேண்டாமா என்று ஒரு குடும்பமே பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. என் மாமியார் சிரித்ததை விடவா? ஆனால் முயலோ, கினிப் பன்றியோ, நாயோ, வீட்டில் ஒரு பிராணியை வளர்க்கிற சகோதரிகளுக்கு இதே கேள்வி ஒரு நாள் வரக்கூடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது லண்டனில், ஈஸ்ட் ஹாம் பகுதியில். தெருவில் இறங்கினால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும் இடம். என் மகளுக்கு நாய் வேண்டும் என்று ஆசை. வாடகை வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லை. பள்ளிக்கூடத் தோழி வீட்டில் எலியைப் பார்த்துவிட்டு வந்து ஒரே நச்சரிப்பு. கடைசியில் 2021 செப்டம்பரில் இரண்டு பெண் எலிக் குட்டிகள் வந்து சேர்ந்தன. எலி கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியாக ஒன்றை வளர்க்கக் கூடாது என்பதால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். தலை மட்டும் கறுப்பாக இருந்தது கடுகு. சாம்பல் நிறம் மிளகு. பெயர் வைத்தது மகள்தான். நான் அப்போது தாளித்துக்கொண்டிருந்தேன்!

இந்த ஊரில் எலி வளர்ப்பது புதுப் பழக்கம் இல்லை. விக்டோரியா மகாராணி காலத்தில் ஜாக் பிளாக் என்று ஓர் எலிபிடிக்காரர் இருந்தார். வித்தியாசமான நிறத்தில் எலி அகப்பட்டால் கொல்லாமல் வளர்த்து, குட்டி போடவைத்து விற்பாராம். 1901இல் எய்ல்ஸ்பரி என்ற ஊரில் நடந்த கண்காட்சியில், மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் எலிகளையும் போட்டிக்குச் சேர்த்தார்கள். 1976இல் எலி வளர்ப்பவர்களுக்கென்றே ஒரு தேசிய சங்கம்கூட ஆரம்பித்துவிட்டார்கள். ஜாதி என்னவோ சாக்கடையில் ஓடுகிற பழுப்பு எலிதான். பல தலைமுறையாக மனிதர் கையிலேயே வளர்ந்து சாதுவாகிவிட்டது.

"எலிக்காய்ச்சல் வராதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தக் கிருமி எலியின் சிறுநீர் வழியே பரவுவது. கூண்டில், வீட்டுக்குள்ளேயே வளரும் எலிக்கு அது தொற்ற வழி குறைவு. ஆனாலும் எலியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுத் தட்டருகே வரக் கூடாது, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சக் கூடாது, கூண்டைச் சமையலறையில் வைக்கக் கூடாது. இந்த மூன்றும் எங்கள் வீட்டுச் சட்டம்.

2022 நவம்பரில் ஒரு சாயங்காலம். மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த மகள், "அம்மா, கடுகோட கக்கத்திலே என்னமோ உருண்டையா இருக்கு" என்றாள். தொட்டுப் பார்த்தேன். பட்டாணி அளவு. கெட்டியாக, தோலுக்கடியில் நழுவி நழுவி ஓடியது. அமுக்கினால் அதற்கு வலிக்கிற மாதிரியும் தெரியவில்லை. அப்போது கடுகுக்கு வயது ஒன்றே கால் தாண்டியிருந்தது. எலியின் ஆயுள் இரண்டு, மிஞ்சினால் மூன்று வருஷம். நம் கணக்கில் நடுவயசுப் பெண்மணி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பக்கத்தில் இருந்த கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் பெயர் வேண்டாம். கடுகைக் கையில்கூட எடுக்கவில்லை. "எலிகளுக்கு இது சகஜம். தொந்தரவு கொடுக்கும்வரை விட்டுவிடுங்கள். பிறகு ஊசி போட்டு முடித்துவிடலாம்" என்றார். மகள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் இரண்டு வழி இருக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புகிற வைத்தியம் என்ன வைத்தியம்? மனுஷருக்கானாலும் சரி, மற்றதற்கானாலும் சரி, எனக்கு அது பிடிப்பதில்லை.

விசாரித்ததில், முயல், எலி போன்ற சின்னப் பிராணிகளையே அதிகம் பார்க்கிற லேடி டாக்டர் ஒருவர், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தார். அவர் கடுகைத் துண்டில் சுற்றி எடுத்து, கழுத்திலிருந்து தொடை இடுக்குவரை விரலால் நிதானமாகத் தடவிப் பார்த்தார். "பெண் எலிக்கு ஆறு ஜோடி முலைக்காம்பு உண்டு. பால் சுரக்கும் சதை கழுத்தடியிலிருந்து பின்னங்கால்வரை பரவியிருக்கும். அதனால் கக்கத்தில் வந்தாலும் விலாவில் வந்தாலும் இது மார்பகக் கட்டிதான்" என்றார். நான் அயர்ந்துபோனேன்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பெண் எலிக்கு வருகிற மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. வேறு இடத்துக்குப் பரவுவதில்லை. 'அப்பாடா' என்று மூச்சு விடுவதற்குள், "ஆனால் இது வளர்வதை நிறுத்தாது" என்றார். ஹார்மோன்கள் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்குமாம். பட்டாணி சுண்டைக்காயாகும், சுண்டைக்காய் எலுமிச்சம்பழமாகும். எலியின் எடையில் பாதி அளவுக்குக்கூடக் கட்டி வளர்ந்துவிடுவதுண்டாம். அப்புறம் நடக்க முடியாது. தரையில் உரசி மேல்தோல் புண்ணாகும். எலியே அதைக் கடித்து வைக்கும். கட்டி நல்லதுதான், அதன் பாரம்தான் உயிரை வாங்கும்!

எடுத்துவிட்டால்? அந்த இடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் இன்னொரு இடத்தில் புதிதாக வரலாம்; அது சகஜம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். இளவயதிலேயே கருப்பையையும் சினைப்பையையும் எடுத்திருந்தால் இந்தக் கட்டிகள் வருவது வெகுவாகக் குறையும். நடுவயது தாண்டிய எலிக்கு இந்த ஆபரேஷனோடு அதையும் சேர்த்தால் மயக்கத்தில் இருக்கும் நேரம் நீளும், ஆபத்தும் கூடும் என்று அவர் அபிப்பிராயப்பட்டார்.

பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் நெஞ்சைக் கேட்டார். எனக்கு ஆச்சரியம். கட்டி கக்கத்தில், சோதனை நெஞ்சிலா? அதுதான் முக்கியம் என்றார். வளர்ப்பு எலிகளில் நிறைய எலிகளுக்கு மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி நுரையீரலில் குடியிருக்கும். மூச்சில் கரகரப்பு, அடிக்கடி தும்மல், கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாகக் கசிவு ஆகியவை அதன் அறிகுறிகளில் சில. அந்தச் சிவப்பு ரத்தம் இல்லை, எலியின் கண்ணீரில் இருக்கிற நிறப்பொருள். உடம்புக்கு முடியாத நேரத்தில் ஜாஸ்தியாகச் சுரக்கும். நுரையீரல் கெட்டிருந்தால் மயக்க மருந்து தாங்குவது கஷ்டம். கடுகின் நெஞ்சு சுத்தமாக இருந்தது.

மொத்தச் செலவு? 280 பவுன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பதினஞ்சு பவுன் கொடுத்து வாங்கின எலிக்கு இருநூத்தி எண்பது பவுனா? அந்தக் காசுக்கு வீடு முழுக்க எலி வாங்கலாமே!" அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஊருக்குப் போக டிக்கெட்டுக்கு என்று மாதாமாதம் எடுத்துவைக்கிற பணத்தில்தான் கை வைக்க வேண்டும், அந்தக் கவலை. மாயவரத்திலிருந்து மாமியார் வீடியோ காலில் வந்தார். "ஏம்மா, எலிக்கு ஆபரேஷனா? எனக்குக் கண்ணுலே புரை எடுக்கணும்னு ரெண்டு வருஷமாச் சொல்லிண்டிருக்கேன்!" என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அதில் குத்தலும் இருந்தது. "அத்தை, உங்க ஆபரேஷன் தை மாசத்துக்கு நிச்சயம் பண்ணியாச்சு, அதிலே மாத்தமே இல்லை" என்றேன். (அதன்படியே 2023 ஜனவரியில் நல்லபடியாக நடந்தது. இதைச் சொல்லாவிட்டால் உங்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள்.)

விலையை வைத்து யோசித்தால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. பதினைந்து பவுன் எலியை வாங்கினபோது கொடுத்தது. அதோடு அந்தக் கணக்கு முடிந்துபோயிற்று. மகள் அழுகிறாள் என்பதற்காக முடிவு செய்வதும் சரியாகப் படவில்லை. கத்தி படப்போவது கடுகின் உடம்பில். ஆகவே அதன் பக்கமிருந்து யோசிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆபரேஷனை அது தாங்குமா? தாங்கினால் அதற்கு மிஞ்சுகிற நாட்கள் எவ்வளவு, எப்படிப்பட்டவை? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? கடைசிக் கேள்வியைத்தான் நாம் கேட்டுக்கொள்வதில்லை. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் செலவும் இல்லை, கஷ்டமும் இல்லை என்று நினைப்பு. அப்படியா? கட்டி வளரும், சில மாதத்தில் புண்ணாகும், அப்போது வேறு வழியில்லாமல் அதன் உயிரை முடிக்க வேண்டிவரும். அதற்கும் மனசிலும் பணத்திலும் விலை உண்டு.

இன்னொன்று, இதில் ஒத்திப்போட இடம் இல்லை. பத்து நாளில் பட்டாணி கோலிக்குண்டாகிவிட்டது. சின்னக் கட்டிக்குச் சின்னக் கீறல், குறைந்த ரத்தச் சேதம், குறைந்த நேர மயக்கம். 310 கிராம் உடம்பில் எத்தனை ரத்தம் இருந்துவிடப்போகிறது! 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தள்ளினால் கட்டியே முடிவு செய்துவிடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். எத்தனை எலிகளுக்கு இதைச் செய்திருக்கிறீர்கள், என்ன மயக்க மருந்து, உடம்புச் சூடு குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், வலிக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நல்ல டாக்டர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை. எடுத்த கட்டியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாமா, அதற்குத் தனிக் கட்டணம் என்றார். புற்று என்று வந்தால் மேற்கொண்டு ஏதாவது செய்வோமா என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். செய்யப்போவதில்லை. அப்புறம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? வேண்டாம் என்றோம்.

மகளிடம் எதையும் மறைக்கவில்லை. இங்கே ஆங்கிலத்தில் மயக்க மருந்து கொடுப்பதையும் 'தூங்க வைப்பது' என்கிறார்கள், பிராணியின் உயிரை முடிப்பதையும் 'தூங்க வைப்பது' என்கிறார்கள். குழந்தைக்கு இது எவ்வளவு குழப்பம்! சில குழந்தைகள் ராத்திரி தூங்கவே பயப்படுமாம். நான் தமிழிலேயே சொன்னேன்: "கண்ணு, மயக்க மருந்து கொடுத்துக் கட்டியை எடுப்பாங்க. முக்கால்வாசி எழுந்துடும். எழாமலும் போகலாம், செத்துப்போகலாம்." பத்து வயசுப் பெண், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ காலையிலே அதுக்கு முட்டை குடுக்கலாமா?" என்றாள்.

கொடுக்கலாம் என்பதுதான் வேடிக்கை! நமக்கு ஆபரேஷன் என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் வாந்தியாகி மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது என்பதற்காக. எலியால் வாந்தி எடுக்கவே முடியாது. சின்ன உடம்பு, பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் சாப்பிடவைத்து, கூடவே தீனியும் கட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். கட்டுசாதத்தோடு ஆபரேஷனுக்குப் போன நோயாளி எங்கள் கடுகுதான்.

2022 டிசம்பர் முதல் வாரம், காலை ஒன்பது மணிக்கு விட்டுவிட்டு வந்தோம். ஐசோஃப்ளூரேன் என்கிற வாயுவைச் சுவாசிக்கவைத்து மயக்கம். கீழே வெதுவெதுப்பான விரிப்பு. இத்தனை சிறிய உடம்பு மயக்கத்தில் சட்டென்று குளிர்ந்துவிடும், அதைக் கவனிக்காவிட்டால் ஆபரேஷன் ஜெயித்தும் எலி தோற்றுவிடும் என்றார் டாக்டர். தையலைக் கடித்துப் பிரித்துவிடும் என்பதால் நூல் வெளியே தெரியாமல் உள்பக்கமாகத் தையல், மேலே ஒட்டுகிற பசை. மத்தியானம் போன் வந்தது. "எழுந்து உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருக்கிறாள்." டாக்டருக்கும் கடுகு 'அவள்'தான்! இவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் எல்லோருக்கும் காப்பி போட்டார்.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியவை பெரிய வித்தை இல்லை. கூண்டில் மரத்தூளை எடுத்துவிட்டுப் பழைய துண்டுகளை விரித்தேன். தூள் புண்ணில் ஒட்டாது. ஏணி, ஊஞ்சல் எல்லாம் ஒரு வாரம் பரண்மேல். தேன் வாசனை அடிக்கிற வலி மருந்தை டாக்டர் சொன்ன சொட்டுக் கணக்கில் கொடுத்தோம். நாம் போட்டுக்கொள்கிற வலி மாத்திரையை நுணுக்கி எந்தப் பிராணிக்கும் கொடுத்துவிடாதீர்கள். சிலவற்றுக்கு அது விஷமாகிவிடும். காலை, மாலை இரண்டு வேளை தையலைப் பார்ப்பது, சமையலறைத் தராசுக்குப் பதில் தனியாக வாங்கிய தராசில் எடை பார்ப்பது, உப்பில்லாத பருப்பு சாதம், வேகவைத்த முட்டை. மூன்றாம் நாள் மிளகின் தட்டிலிருந்து முட்டையைத் திருடிக்கொண்டு ஓடியது. ஆபரேஷன் பலித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

எட்டு மாதம் ஓடியது. நல்ல எட்டு மாதம்.

2023 ஆகஸ்டில் மறுபடி ஒரு கட்டி. இந்தத் தடவை தொடை இடுக்கில். கடுகுக்கு வயது இரண்டைத் தாண்டியிருந்தது. எடை குறைந்திருந்தது. இன்னொன்றையும் மகள்தான் கவனித்தாள்: முட்டைத் துண்டை முன்னங்கைகளால் பிடிக்கத் தெரியாமல் நழுவ விட்டது. அதைக் கேட்டதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. வயதான பெண் எலிகளுக்கு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் கட்டி வருவதுண்டு. கை பிடிமானம் போவது அதற்கு ஓர் அடையாளம். நெஞ்சிலும் லேசாகக் கரகரப்பு. "நீங்கள் வற்புறுத்தினால் தொடைக் கட்டியை எடுப்பேன். மேஜையிலிருந்து எழுந்துவிடும் என்று சொல்ல மாட்டேன்" என்றார்.

போன தடவை பத்து நாள் யோசித்தோம். இந்தத் தடவை பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் முடிவாகிவிட்டது. கேள்வி அதேதான், எலியும் அதேதான், பதில் மாறிவிட்டது. "போன தடவை மட்டும் பண்ணினோமே, இப்ப ஏன் பண்ணலே? காசு இல்லையா?" என்று மகள் கேட்டாள். இந்தத் தடவை இவரே பதில் சொன்னார். "காசு இருக்கும்மா. அன்னிக்கு வெட்டினா அதுக்கு நாள் கிடைச்சுது. இன்னிக்கு வெட்டினா இருக்கிற நாளும் போயிடும்." எலி வேண்டாம் என்று சொன்ன மனுஷர்தான்!

ஆபரேஷன் வேண்டாம் என்பதற்கு வைத்தியமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. வலி மருந்து தினமும் கொடுத்தோம். கூண்டின் மேல்தட்டுகளை எடுத்துவிட்டோம். சாப்பாட்டைத் தட்டையான கிண்ணத்தில், கையால் பிடிக்க வேண்டாதபடி குழைத்து வைத்தோம். கட்டி தரையில் உரசும் இடத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம். எலிக்கு வலித்தால் கத்தாது. காட்டில் கத்துகிற எலியைப் பருந்து கொண்டுபோய்விடுமே! முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2011இல் இதற்கு ஓர் அளவுமுறையே வகுத்திருக்கிறார்கள். வலியில் இருக்கிற எலி கண்ணை இடுக்கும், மூக்கும் கன்னமும் தட்டையாகும், காது உள்பக்கமாகச் சுருண்டு விலகி நிற்கும். டாக்டர் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

அதை வைத்து மகள் காலண்டரில் தினமும் குறித்தாள். கூண்டுக் கதவைத் திறந்தால் வருகிறதா, முட்டையை வாங்கிக்கொள்கிறதா, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா? செய்தால் பச்சைப் பென்சில். இல்லாவிட்டால் சிவப்பு. செப்டம்பர் முழுக்கப் பச்சைதான் அதிகம். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தொடர்ந்து நாலு நாள் சிவப்பு. ஐந்தாம் நாள் காலை, நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "டாக்டருக்குப் போன் பண்ணும்மா" என்றாள்.

முதலில் மயக்க வாயு, நன்றாக மயங்கியபின் ஊசி. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மகள் உள்ளே வரவா என்று கேட்டாள், டாக்டர் அனுமதித்தார், துண்டோடு கடைசிவரை அவள் கையில்தான் இருந்தது. சில தாய்மார்களுக்கு இது சரியாகப் படாது. நான் அவளையே தீர்மானிக்கச் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மிளகிடம் கொஞ்ச நேரம் காட்டினோம். துணை எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டே இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிளகு இரண்டு தரம் முகர்ந்துவிட்டுத் தன் மூலைக்குப் போய்விட்டது.

அன்று ராத்திரி மாமியாரிடமிருந்து போன். எலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கொழந்தை சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். தயிர்சாதம் ரெண்டு வாய் சாப்பிட்டாள் என்றேன்.

மிளகுக்குத் துணையாக, இடமில்லாத பிராணிகளை வைத்துக் காக்கிற ஒரு விடுதியிலிருந்து வயதான இரண்டு எலிகளைக் கொண்டுவந்தோம். முதல் வாரம் ஒரே சண்டை. அப்புறம் மூன்றும் ஒரே தொட்டிலில் படுத்துக்கொண்டன. மிளகுக்குக் கடைசிவரை ஒரு கட்டியும் வரவில்லை. 2024 பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்விட்டது.